தொடாமல் நின்ற குத்து

...இல்லை, சரியாகத்தான் காதில் விழுந்தது, நிர்மலாதேவி, தீர்த்தகிரி, ரெண்டு பேரும் நடுவுல வாங்க என்றுதான் கனிமொழி கூப்பிட்டாள், என் பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் ஒரே மூச்சில், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இந்த இரண்டு பெயரையும் இப்படிச் சேர்த்து யார் சொல்லியிருக்கிறார்கள், ரேஷன் கடையில்கூட அவர் பெயரை மட்டும்தான் கத்துவார்கள்... கூடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடுகிறது, காலேஜ் பெண்கள் இருவர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கட்டும், இதை நான் எத்தனை நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். குமித்தே, அதாவது கராத்தேயில் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி, அதற்கு ஜோடி பிரிக்கும்போதெல்லாம் வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நான் ஓர் ஆள் தள்ளி நகர்ந்து நின்றுகொள்வேன், பயத்தினால் இல்லை, பயம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும், அவர் பச்சை பெல்ட், நான் பிரவுன், இந்த வகுப்பில் என் உதைக்கு முன்னால் நிற்க ஆண் பிள்ளைகளே யோசிப்பார்கள்... வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். "சேலத்துல பிளாக் பெல்ட் டெஸ்ட்டு வருதில்லக்கா, அதுக்குள்ள உங்களவிட வெயிட்டான ஆளோட நின்னு பழகணும், நம்ம கிளாஸ்ல வெயிட்டு யாரு, அண்ணன்தான," என்கிறாள் கனிமொழி. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வெளியே பார்த்தால் வா கண்ணு என்பேன், இந்தப் பாயில் கால் வைத்துவிட்டால் அவள் சென்சேய், குரு, அவள் சொன்னது சொன்னதுதான், ஒஸ் என்று குனிய வேண்டியதுதான். குனிந்தேன்.

பாய் ஜில்லென்று இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் இந்த மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்குக் கொடுக்கிறார்கள், நேற்று யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்கிறது, ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை, மேசைகளை ஓரமாக அடுக்கி, நீலப் பாய்களைப் பொருத்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கராத்தேயைக் கொடுத்த அந்த ஜப்பான்காரப் பெரியவர் படத்தைச் சாய்த்து வைத்தால் இதுவே எங்கள் டோஜோ, அந்தப் பெரியவரும் பாவம், எத்தனை வீட்டு ரச வாசனையைப் பிடித்திருப்பார்... முதல் நாள் கனிமொழி என்னிடம் கேட்டது, அக்கா, மெட்டியக் கழட்டறீங்களா, மேல பிளாஸ்திரி ஒட்டறீங்களா, என்றுதான். ஒட்டிக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து வளையல்கள் ஒரு டப்பாவுக்குள், தாலியைச் சட்டைக்குள் விட்டு ஒரு ஊக்கு, மெட்டி மேல் பிளாஸ்திரி, இதெல்லாம் போட்டு முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் யாரோ ஒருத்தி, எனக்குப் பிடித்த ஒருத்தி. நான் சேர வந்தவளே இல்லை, என் மகள் காவியாவைக் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வாசல் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள், அவள் பத்தாவது பரீட்சை என்று நின்றுகொண்டாள், எனக்குக் கால் நிற்கவில்லை, படியில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் உடம்புக்குள் போய்விட்டிருந்தது, மில்லில் பெல்ட்டு ஓடுகிற சத்தத்துக்கே இச்சி, நி, சான், ஷி என்று ஜப்பான் எண்ணிக்கையில் என் இடுப்பு திரும்பும். மாவு மில் நடத்துகிறவளுக்குத் தோள் பலம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன, கேழ்வரகு மூட்டையை இழுத்து மிஷின் ஹாப்பர் வாய் வரைக்கும் தூக்கி வளர்ந்த தோள், கனிமொழியே சொன்னாள், உங்களுக்குப் பலம் போதும்க்கா, இனிமே நிறுத்தக் கத்துக்கணும், என்று. அதைத்தான் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முழு வேகத்தில் போகிற குத்து, எதிராளியின் தோலுக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட வேண்டும், தொட்டால் தப்பு, தூரத்திலேயே நின்றாலும் தப்பு. எங்கள் கூட்டத்தில் அதை என்னைப்போலச் செய்கிறவர் யாரும் இல்லை, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் வருகிறார். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டியிருக்கிறார், எத்தனை தரம் சொன்னாலும் அப்படித்தான். இவர் ஏன் சேர்ந்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சுகர் என்பார், டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார், நடக்கச் சொன்னால் நடக்க வேண்டியதுதானே, ஊரெல்லாம் ரோட்டில் நடக்கிறார்கள், இவர் மட்டும் ஒரு நாள் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்து, கடைசி வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பட்டுப்புழு வளர்க்கிறவர். மல்பெரித் தழை ஒடிப்பது, தட்டுத் தட்டாகப் போடுவது, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் புழுவைக் குனிந்து குனிந்து பார்ப்பது, இதுதான் அவர் வேலை, புழுக் கொட்டகைக்குள் என்னை விடமாட்டார், மிளகாய் அரைத்த கையோடு வராதே, புழு தாங்காது என்பார், மில்லுக்குள் அவர் வரமாட்டார், தும்மல். யோசித்துப் பார்த்தால் ஒரே தரையில் நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு நிற்பது சமையலறைக்கு அடுத்து இங்கேதான். புழுவைத் தொட்டுத் தொட்டு மெத்தென்று ஆன கை. அந்தக் கையை இப்போது மூடிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார், அவருக்கும் கூச்சமாகத்தான் இருக்க வேண்டும், என் கண்ணைப் பார்க்காமல் கழுத்துப் பக்கம் பார்க்கிறார். "குனிஞ்சி வணக்கம் சொல்லுங்க," கனிமொழி சொல்கிறாள். அவர் குனிகிறார், நானும். வழுக்கை ஆரம்பித்திருக்கிறது, இதை மேலிருந்து பார்த்ததே இல்லையே...

"ஹாஜிமே!"

ஆரம்பம் என்றால் ஆரம்பம். என் இடது கால் தானாக முன்னே போகிறது, முட்டி மடங்குகிறது, கை உயருகிறது, இனிமேல் நான் யோசிக்க வேண்டியதில்லை, இதுதான் எனக்கு இதில் பிடித்ததே, வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இதைச் சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பார், அவர் அண்ணன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று மனசு முன்னும் பின்னும் போகும், இங்கே அதெல்லாம் இல்லை, கண் பார்த்தது கைக்குப் போய்விடும். அவர் ஒரு குத்து விடுகிறார், நேராக, கனமாக, மெதுவாக, மாட்டு வண்டி திரும்புவதுபோல வருகிறது, நான் முன்கையால் தட்டிவிட்டு, இடுப்பைத் திருப்பி, விலாவுக்கு ஒன்று, சட்டைத் துணியில் பட்டதும் படாததுமாக, கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல், அந்தக் கியாய் மண்டபத்துத் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வருகிறது. கனிமொழி கையை என் பக்கம் நீட்டுகிறாள், அரைப் புள்ளி. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவர் விலாவைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார், வலிக்கவில்லை, வலிக்கும்படி நான் அடிக்கவில்லை, ஆனாலும் தடவுகிறார், எல்லார் முன்னாலும் பொண்டாட்டியிடம் அடி வாங்கியவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டேன், நன்றாகத்தான் சிரிக்கிறார். சரி, வாங்க, இன்னொன்று.

அடுத்தது அவர் கால். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வலது முட்டி மேலே வருகிறது என்று பார்க்கிறேன், நேராகத்தான் உதைப்பார் என்று கையை வைக்கிறேன், சட்டென்று அந்தக் கால் திரும்பிப் பக்கவாட்டில் என் இடுப்பில் விழுகிறது, தொப் என்று, நான் இரண்டடி தள்ளிப் போய்த்தான் நின்றேன். "அண்ணே, கண்ட்ரோல்!" என்று கனிமொழி அதட்டுகிறாள், ஆனால் கையை அவர் பக்கம் நீட்டிப் புள்ளியும் கொடுக்கிறாள். ஓ என்று ஒரு சத்தம். எங்கே பழகினார் இதை? கடைசி வரிசையில் இவர் உதையைப் பார்த்திருக்கிறேன், முட்டிக்கு மேல் போகாது... கொட்டகையிலா, புழுத் தட்டுகளுக்கு நடுவில், யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், தனியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு? நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, அதோடு என்னமோ ஒன்று உள்ளே இளகுகிறது, அதுவும் கூடாது, டெஸ்ட்டில் எதிரே நிற்கிறவன் உதைத்தால் இளகிக்கொண்டா நிற்பேன். மூச்சை வயிற்றுக்கு இறக்கு நிர்மலா. பார்வையை நெஞ்சில் வை, முழு ஆளும் தெரிவார். வருகிறார், மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்வை புருவத்தில் தேங்குகிறது, வலது கை இடுப்பில், இடது கை முகத்துக்கு முன்னால்... இடது கை இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? களைப்பா? இன்னும் இறங்குகிறது. கன்னம் தெரிகிறது, முழுக் கன்னம், காலையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன நாலு வெள்ளை முடி, அதற்கு மேலே மச்சம், யாரோ ஜன்னல் கதவைத் திறந்து வைத்ததுபோல...

கன்னம் என்றால் எனக்கு ஒகேனக்கல். வேறு என்ன. ஆடிப்பெருக்கு அன்றைக்கு, காவியாவுக்கு மூன்று வயது, அவர் அண்ணன் வெங்கடாசலம் குடும்பமும் நாங்களும் ஒரே வேனில் போனோம், அவ்வளவு கூட்டம், எண்ணெய் தேய்க்கிறவர்கள், பரிசல் பிடிக்கிறவர்கள், மீன் வறுக்கிற புகை. குளித்து முடித்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன், நீ துணியப் பாரு, பாப்பா எங்கிட்ட இருக்கட்டும் என்று அவர்தான் தூக்கிக்கொண்டு போனார், தோளில் உட்கார வைத்து, அவள் அவர் காதைப் பிடித்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. திரும்பி வந்தபோது அவர் கையில் மீன் பொட்டலம் இருந்தது, பாப்பா இல்லை. பாப்பா எங்கங்க என்றேன். இங்கதான் உங்கிட்ட வந்துச்சு என்றார். வரவில்லை. பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான், தண்ணீரைப் பார்த்தேன், அவ்வளவு வேகமாகப் போகிற தண்ணீர், அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை, பெயரைச் சொல்லிக் கத்தினேன், எல்லாரும் அவரவர் பிள்ளை பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள்... மீன் கடைக்காரி ஒருத்தி, நஞ்சம்மாள் என்று அவளை யாரோ கூப்பிட்டார்கள், அவள்தான் கண்டுபிடித்தாள், பாப்பா கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பரிசல் நிழலில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாளாம். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: "யாருய்யா இந்தப் புள்ளையப் பாத்துக்கிட்டது? ஆத்துல போயிருந்தா என்னா பண்ணுவீங்க?" எல்லாரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். அவர் திரும்பி என் கன்னத்தில் அறைந்தார்.

அது ஓர் அறை என்று மட்டும் இருந்திருந்தால் மறந்திருப்பேன். அது ஒரு பதில். நஞ்சம்மாள் கேட்டாள், அவர் கையால் பதில் சொன்னார், கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அவர் அண்ணி ஜானகியம்மாள் உடனே, புள்ளையப் பாத்துக்காம அப்பிடி என்னா துணி புழியறது, என்று ஆரம்பித்து அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே, நிர்மலாதான ஒகேனக்கல்ல புள்ளையத் தொலைச்சிட்டு எங்கொழுந்தன் கையில பளார்னு வாங்குனது, என்று யாருக்காவது சொல்வாள், கதையாகவே ஆகிவிட்டது, காவியாவே அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள், ஹாஸ்டலில் விடப் போனபோது, அம்மா, பத்திரமாக் கூட்டிட்டுப் போ, வழியில வுட்டுராத, என்றாள், எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சிரித்தாரா? அவர் வண்டிக்குக் காற்று போதுமா என்று பார்க்கக் குனிந்துகொண்டார். அதற்கு முன்னும் என்னை அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை, குரலை உயர்த்திக்கூடப் பேசாத மனுஷன், அதனால்தான் நானும் பேசாமல் விட்டேன், போகட்டும், ஆள் நல்ல ஆள், ஒரு நாள் பயத்தில் கை தவறிவிட்டது, நான் பெரிய மனசுக்காரி, மன்னித்துவிட்டேன்... மன்னித்துத்தான் விட்டேன்.

இதெல்லாம் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அவர் கை இறங்கியதும் என் வலது கை கிளம்பிவிட்டது, குதிகால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, தோள் வர, முழு வேகம், எதையும் மிச்சம் வைக்காத வேகம், கனிமொழி ஒரு அடி முன்னே வைத்தது ஓரக் கண்ணில் தெரிகிறது, தடுக்க நினைத்தாளோ... நின்றது. கன்னத்துக்கு ஒரு நூல் முன்னால், அந்த நாலு வெள்ளை முடி என் விரல் கணுவில் உரசுகிற மாதிரி, நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை, குத்து முகத்துக்கு வந்தால் யாராக இருந்தாலும் கண் மூடும், தலை பின்னால் போகும், களைத்துப்போய்க் கையை இறக்கியவன் பதறியிருப்பான், இவர் பதறவில்லை, கன்னத்தை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், கழுத்தை இல்லை, கண்ணை. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போட்டிருக்கலாமில்ல," என்றார். "இப்பன்! யாமே!" கனிமொழி கையை உயரத் தூக்கி முழுப் புள்ளி கொடுத்து நிறுத்திவிட்டாள், பிள்ளைகளைப் பார்த்து, "பாத்தீங்களா, இதுதான் கண்ட்ரோல், இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல, அக்காவுக்குக் கை தட்டுங்க," என்றாள். தட்டினார்கள். குனிந்தோம். போட்டிருக்கலாம் என்றால் என்ன, புள்ளிக்காகச் சொன்னாரா, தொட்டால்தான் புள்ளி என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாரா, இல்லை...

டப்பாவைத் திறந்து வளையல்களைப் போட்டுக்கொள்கிறேன், ஒவ்வொன்றாக, மெதுவாக. நல்ல காலை. உள்ளுக்குள் ஓர் அகலம், தூர்வாரிய கிணறுபோல. பார்த்தாயா நிர்மலா, மனசு பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், இடுப்பும் தோளும் பொய் சொல்லாது, அவ்வளவு வேகமாகப் போன கை தானாக நின்றது என்றால் உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை என்றுதானே அர்த்தம். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லிக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர், எனக்குக் கையே சாட்சி. சேலத்தில் எவன் வந்து நின்றாலும் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தபோது மெட்டியின் அச்சு விரலில் சிவப்பாகப் பதிந்திருந்தது, ஊதிவிட்டுக்கொண்டேன். அவர் வெளியே வண்டியை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். "டீ சாப்பிட்டுப் போலாமா," என்கிறார், சுகர் இல்லாமல்தான் குடிப்பார், ஆனாலும் வகுப்பு முடிந்தால் ரோட்டோரக் கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் அவருக்கு வேண்டும், வடைக்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லை என்பார். சரி என்று ஏறிக்கொண்டேன்.

பென்னாகரம் ரோட்டில் பஸ் போகிறது வருகிறது, ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கல் போகிற கூட்டம், ஜன்னல்களில் துண்டும் பிள்ளைத் தலைகளும். டீ வருவதற்குள் காவியா வீடியோவில் கூப்பிட்டாள், ஞாயிறு என்றால் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள், ஹாஸ்டல் மாடி, பின்னால் காயப்போட்ட துணிகள். "என்னம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறீங்க, இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்றாள். "உங்கம்மாதான்," என்றார் அவர், போனை வாங்கிக்கொண்டு, "ஒரு குத்து வுட்டா பாரு, கன்னத்துக்கிட்ட வந்து நின்னுச்சி." அவள் சிரித்தாள். அடுத்த வாரம் தோழிகளோடு ஒகேனக்கல் போகிறாளாம், வேன் பேசிவிட்டார்களாம், "அம்மாவயும் கூப்புடலாம்னு பாத்தேன், வேணாம்டி, அவங்க என்னய மறுபடியும் தொலைச்சிருவாங்கன்னு பிரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள். நான் சிரிக்க வாயைத் திறந்தேன், வழக்கமான இடம், வழக்கமான சிரிப்பு. அவர் வடையை ஒரு கடி கடித்து, மென்றுகொண்டே, "உங்கம்மா தொலைக்கல. நாந்தான் தொலைச்சேன்," என்றார்.

"என்னாப்பா?"

"எங்கிட்டதான் இருந்த நீ. மீனு வெல கேக்கறதுக்குக் கீழ எறக்கி வுட்டேன். திரும்பிப் பாக்கறேன், காணோம். உங்கம்மா அந்தாண்ட துணி புழிஞ்சிக்கிட்டு இருந்தா, அவளுக்கு என்னா தெரியும்."

"அப்பறம் எதுக்குப்பா அம்மாவ அடிச்ச?" காவியாவின் குரல் மாறிவிட்டது, அவள் சின்னப் பிள்ளை இல்லை. அவர் வடையைத் தாளில் வைத்தார். "கேட்டாங்கம்மா. அத்தன பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. வாய் வர்ல, கை போயிருச்சி." அவ்வளவுதான் சொன்னார். அவள், "அம்மாகிட்டக் குடு," என்றாள், முகம் பெரிதாகத் திரையில் வந்தது, அழுகிறாளா, இல்லை, கோபம். "ஏம்மா, இத்தன வருசமா நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேன், நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஏன் சொல்லல?" அப்பறம் பேசறேன் கண்ணு, டீ ஆறுது என்றேன். டீ கையிலேயே இல்லை.

திரும்பி வருகிறோம். அவர் வண்டி ஓட்டுவதே மாறியிருக்கிறது, தோள் தளர்ந்திருக்கிறது, மேடு பள்ளம் பார்க்காமல் போகிறார், ஏதோ பாட்டை மூக்காலேயே முனகுகிறார், பட்டுக்கூடு விற்று நல்ல விலை கிடைத்த நாளில் இப்படி முனகுவார். அவருக்கு முடிந்துவிட்டது. சொல்லியாயிற்று, இறக்கி வைத்தாயிற்று. நான் இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை இதுதான், ஒரு எழுத்து குறையாமல் இதுதான், எப்படி எப்படியோ சொல்வார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன், அவர் அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் இருக்கும்போது, அழுதுகொண்டு, சாகக் கிடக்கும்போதுகூட... வடை தின்றுகொண்டே சொல்வார் என்று நினைக்கவில்லை. இவ்வளவு சுலபமா? ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் நடுவில் சொல்லிவிடக் கூடியதா இது? அப்படியானால் போன வருஷம் சொல்லியிருக்கலாமே, காவியாவை ஹாஸ்டலில் விட்ட அன்றைக்கு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாரே, அங்கே சொல்லியிருக்கலாமே, ஜானகியம்மாள் சிரித்த அத்தனை கல்யாணத்திலும் பந்தியில் பக்கத்து இலையில்தானே உட்கார்ந்திருந்தார்... வயிற்றுக்குக் கீழே, கனிமொழி மூச்சை இறக்கச் சொல்வாளே அந்த இடத்தில், சூடாக ஒன்று திரும்பி உட்காருகிறது. என்ன இது. கோபமா? இப்போதா? அடித்தபோது வராதது, ஊரெல்லாம் சிரித்தபோது வராதது, உண்மையைச் சொன்ன பிறகா வரும்? அப்படியென்றால் காலையில் அவர் கன்னத்துக்கு முன்னால் நின்றது எது, மன்னிப்பா, பழக்கமா, வெறும் பயிற்சியா? ஏன் சொல்லல என்று காவியா கேட்டாளே, அதற்குப் பெரிய மனசு என்று சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே பொருந்தவில்லை. ஆனால் ஒன்று, இந்தச் சூடு எனக்குப் பிடித்திருக்கிறது, மறைத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, முதுகு தானாக நிமிருகிறது, பின் சீட்டிலேயே கால்கள் நிலை தேடுகின்றன.

"ஏன் ஒண்ணும் பேசாம வர்ற?" அவர் கொஞ்சமாகத் தலையைத் திருப்பிக் கேட்கிறார்.

"அடுத்த வாரமும் சென்சேய் நம்ம ரெண்டு பேரயும் நிறுத்துனா, கைய எறக்காதீங்க."

"ஏன், நீதான் கரெக்ட்டா நிறுத்தறியே."

"இன்னிக்கி நிறுத்துனேங்க," என்றேன்.

அவர் சிரிக்கிறார், வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார், தோள் குலுங்குகிறது, வண்டி லேசாக ஆடுகிறது. எனக்கும் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறேன்...